நெவெனா வீட்டில் காணாமல் போன மின்பெட்டி

நடைக்குள் போன வேகத்திலேயே எலக்ட்ரீஷியன் ராட்கோ முற்றத்துக்குத் திரும்பி வந்தான். கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது.

"அக்கா, போர்டு எங்க?"

"எந்த போர்டு?" நெவெனா சாப்பாட்டு மேசையில் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"புது மெயின் போர்டு. காலைல தூக்கிட்டு வந்தேனே, அந்தப் பெட்டி. நிலவறைப் படிக்கு மேல வச்சிட்டுத்தான் சாப்பிட வந்தேன். இப்ப அங்க வெறும் தரைதான் இருக்கு."

நெவெனா கையிலிருந்த தட்டுகளை மேசையிலேயே வைத்தாள். வைத்த இடம் சரியில்லாமல் ஒன்று நழுவிப் புல்லில் விழுந்தது. அவள் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, செப்டம்பர் மாதம். பல்கேரியாவின் கப்ரோவோ நகரத்தின் மேட்டுத் தெருவில், நடுச்சுவரால் இரண்டாகப் பிரிந்த ஒரு பழைய வீட்டின் இடது பாதி நெவெனாவுடையது. பள்ளிக்கூட உணவகத்தில் காலமெல்லாம் சமைத்தவள். உணவகத்தை மூடிய பிறகு, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிச் சுடும் பானித்சாவை வீட்டிலேயே செய்து விற்க உரிமம் வாங்கியிருந்தாள். பெரிய மின் அடுப்பு வந்து சமையலறையில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் அவள் தாத்தா காலத்துப் பீங்கான் ஃபியூஸ்கள் அந்த அடுப்பைத் தாங்காது. அதற்காகத்தான் மூன்று ஃபேஸ் இணைப்பும் புது மின்பெட்டியும். நாளைக் காலை மின் கம்பெனி ஆள் வந்து பார்த்து சீல் வைப்பதாக ஏற்பாடு. அவரைத் தவறவிட்டால் அடுத்த முறை எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவுக்கு ஊரில் பாதிப் பேர் நெவெனாவிடம் பானித்சா சொல்லியிருந்தார்கள்.

"யாரும் வெளியே போக வேண்டாம்" என்றாள் ருமியானா.

குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். ருமியானா அதே தெருவில் வளர்ந்தவள். மாவட்டக் காவல் துறையில் திருட்டு வழக்குகளைப் பார்க்கும் அதிகாரி. நெவெனாவுக்கு மாவு தேய்த்துக் கொடுப்பதற்காக ஒரு வார விடுப்பில் வந்திருந்தாள்.

முதலில் கைகழுவ வேண்டியிருந்தது. சுட்ட மிளகாயின் கருந்தோல் விரலெல்லாம் ஒட்டியிருந்தது. காலையிலேயே ராட்கோ மெயினை இறக்கிவிட்டதால் வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. ஹீட்டருக்கு அடியில் மினுங்கிய சிவப்புப் பொட்டு வெளிச்சத்தில் சோப்பைத் துழாவி எடுத்தாள். குழாயைத் திறந்ததும் தண்ணீர் சுட்டது. கையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

பெட்டி இருந்த இடம் நடையின் கோடியில், நிலவறைப் படியின் தலைப்பில். ஒரு பயணப்பெட்டி அளவு. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிற சாமான் இல்லை. வீட்டுக்கு ஒரே வாசல். அந்த வாசலைப் பார்த்தபடிதான் திராட்சைப் பந்தலின் கீழே நான்கு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்: நெவெனா, ருமியானா, ராட்கோ, நெவெனாவின் தங்கை மகன் லூபோ. வெளியிலிருந்து ஒரு பூனைகூட உள்ளே போகவில்லை.

ருமியானா ராட்கோவிடமிருந்து ஆரம்பித்தாள்.

"சாப்பாட்டுக்கு நடுவுல உள்ள போனியா?"

"ஒரு தடவ. கை கழுவ."

"பெட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு. அது மேலதான் என் தொப்பியக் கழட்டி வச்சேன்."

"தொப்பி எங்க?"

ராட்கோ தலையைத் தடவிப் பார்த்தான். "ஐயோ, அதையும் கொண்டுபோயிட்டானா!"

"நீயே ஒளிச்சு வச்சிட்டு இன்னொண்ணு வாங்கச் சொல்லலாமே?"

"இன்ஸ்பெக்டரம்மா, நாளைக்கு அந்த ஆள் வந்து போர்டு இல்லைன்னா முதல்ல என்னைத்தான் திட்டுவான். இங்க பாருங்க, காலைல இருந்து எவ்வளவு வேலை செஞ்சிருக்கேன்னு." சுவரிலிருந்து கழற்றிய பழைய பலகையைக் காட்டினான். "ஒவ்வொரு ஃபியூஸ் கட்டையும் சூட்டுல கருகிப்போயிருக்கு. இந்தக் குளியலறைக் கட்டை மட்டும் குழந்தையோட பால்பல் மாதிரி வெள்ளையா இருக்கு. அதிர்ஷ்டக் கட்டை போல. சாப்பிட்டதும் ஒவ்வொரு ஒயரா தொட்டுத் தொட்டுப் பாத்து எது எங்க போகுதுன்னு எழுதலாம்னு இருந்தேன்."

"அதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னேனே. சாப்பிடறப்ப கத்திச் சொன்னேனே. நான் எங்க மெதுவாப் பேசினேன்?"

அது உண்மை. ராட்கோ பேசினால் தெருமுனைக்குக் கேட்கும்.

அடுத்தது லூபோ. சோஃபியாவில் வேலை. பெரியம்மா இந்த வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவன்.

"நீ ரெண்டு தடவ உள்ள போன."

"உப்பு எடுக்க."

"உப்பு மேசைலயே இருந்துச்சு."

லூபோவின் காது சிவந்தது. "ரெண்டாவது தடவ... சும்மாதான்."

"பெரியம்மா கடை போடறது உனக்குப் பிடிக்கல."

"பிடிக்கல. இந்த வயசுல அடுப்புக்கு முன்னாடி நிக்கணுமா? சொன்னேன், கேக்கல. அதுக்காகப் பெட்டியத் திருடுவேனா?"

"கையக் காட்டு."

அவன் தயங்கிக் காட்டினான். நகக்கண்ணில் நீலம். ருமியானா முகர்ந்து பார்த்தாள். டர்பென்டைன்.

"படுக்கையறைல என்ன காயுது, லூபோ?"

அவன் பெரியம்மாவை ஒரு முறை பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒரு மரப்பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்துகள்: 'நெவெனாவின் அடுப்பு'. கடைசி எழுத்தில் இன்னும் ஈரம்.

"ஞாயித்துக்கிழமை காலைல மாட்டலாம்னு நெனச்சேன்" என்றான். "காஞ்சிடுச்சான்னுதான் ரெண்டு தடவ பாக்கப் போனேன்."

நெவெனாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "எழுத்து கோணலா இருக்கு" என்றாள். பிறகு அவன் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வானொலிப் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டின் வலது பாதி டோப்ரியுடையது. நெசவு ஆலையில் மின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். சிக்கனத்துக்குப் பேர்போன ஊரிலேயே, அவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"அவருக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு?" நெவெனா அந்தப் பக்கம் முகத்தைச் சுளித்தாள். "வானிலை சொல்லி முடிச்ச உடனே ரேடியோவை அணைக்கிற மனுஷன். சாப்பிட உக்காந்ததுல இருந்து பாட்டுக் கச்சேரி நடக்குது."

"உங்களுக்கும் அவருக்கும் சண்டையா அக்கா?"

"சண்டையெல்லாம் இல்ல. கரண்ட் பில் வர்ற அன்னிக்கு மட்டும் வேலி மேல வச்சுக் காட்டுவேன். அவர் கஞ்சத்தனம் பண்ணியும் அவர் பில்லுல பாதிதான் எனக்கு வருது. இத்தனைக்கும் நான் தினமும் சுடுதண்ணியிலதான் குளிக்கிறேன். ஹீட்டரை அணைச்சு அணைச்சுப் போட்டாத்தான் கரண்ட்டைக் குடிக்கும் ருமி. போட்டபடியே விட்டுட்டா ஒண்ணும் ஆகாது. அவர் வீட்டுல அந்த சூட்சுமம் பலிக்கல போல, பாவம். பில்லைப் பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டுப் போயிடுவார்."

ருமியானா வேலியருகே போனாள். டோப்ரி தன் முற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். எழுந்து நின்று தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

"டோப்ரி அண்ணே, சாப்பாட்டு நேரத்துல எங்க இருந்தீங்க?"

"உள்ளதான். ரேடியோ கேட்டுட்டு."

"என்ன பாட்டு?"

"பாட்டுதான்மா. பாட்டுல என்ன பாட்டு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப இன்னிக்கு வேலை நடக்காதா? நாளைக்கு விடியக்காலைல ஆரம்பிச்சாகூட ராட்கோ முடிச்சிடுவான், கெட்டிக்காரன்."

"பெட்டி கெடச்சா முடிப்பான்."

"கெடச்சிடும், கெடச்சிடும்" என்றார் டோப்ரி, ஏதோ நோயாளிக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

ருமியானா கைவிளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். மற்ற மூவரும் பின்னால் வந்தார்கள். முட்டைக்கோஸ் ஊறுகாய் போடும் பீப்பாய், ஜாம் ஜாடிகள், ஒரு உடைந்த சைக்கிள். பீப்பாய் காலியாக, வரும் குளிர்காலத்துக்காகக் காத்திருந்தது. அதன் அடியில், தரையில் வெளிறிய வட்டம் ஒன்று தெரிந்தது. பீப்பாய் அந்த வட்டத்துக்குள் சரியாக உட்காரவில்லை. ஒரு சாண் தள்ளி நின்றது.

"இதை யாராவது நகத்துனீங்களா?"

"வசந்த காலத்துல இருந்து நான் அது கிட்டயே போகல" என்றாள் நெவெனா.

பீப்பாய்க்குப் பின்னால் சுவரில் ஒரு தாழ்வான மரக்கதவு இருந்தது.

"இது எங்க போகுது?"

"எங்கயும் போகல. ஒரே வீடா இருந்தப்ப ரெண்டு நிலவறைக்கும் நடுவுல இருந்த வழி. தாழ்ப்பாள் அந்தப் பக்கம்..." நெவெனா நிறுத்தினாள். அந்தப் பக்கம் யார் என்பதை அவள் சொல்லத் தேவையில்லை.

ராட்கோதான் முதலில் வாயைத் திறந்தான். "அட! புரிஞ்சுபோச்சு இன்ஸ்பெக்டரம்மா. கரண்ட் திருட்டு! இந்த மாதிரி எத்தனை வீட்டுல பாத்திருக்கேன். அக்கா போர்டுல இருந்து அந்தாளு திருட்டு ஒயர் இழுத்திருக்கான். நான் ஒவ்வொரு ஒயரா பாக்கப்போறேன்னு கத்துனதைக் கேட்டிருக்கான். மாட்டிக்குவோம்னு பயந்து போர்டைத் தூக்கிட்டான்."

நெவெனா ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தாள். சமையலறைக்குள் போனவள் மாவு தேய்க்கும் கட்டையோடு வெளியே வந்தாள்.

"என் கரண்ட்டையா? என் கரண்ட்டைக் குடிச்சுக்கிட்டா என் பில்லப் பாத்து மூஞ்சியத் தொங்கப்போட்டாரு? நடிப்பா? இன்னிக்கு அவர் மண்டைல..."

"அக்கா, நில்லுங்க" என்றாள் ருமியானா. "ராட்கோ பாதி சரியாச் சொன்னான். மீதிப் பாதி தப்பு. அவரையும் கூப்பிடுங்க. எல்லாரும் குளியலறைக்கு வாங்க."

"குளியலறைக்கா?" என்றான் லூபோ.

"குளியலறைக்குத்தான்."

ஐந்து பேர் நிற்கிற இடமில்லை அது. லூபோ தொட்டிக்குள் ஏறி நின்றான். ராட்கோ துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்தான். நெவெனா மாவுக்கட்டையை விடவில்லை. கடைசியாக டோப்ரி தலையைக் குனிந்து உள்ளே வந்து, கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றார். தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

ருமியானா சுடுதண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். இருட்டு. தண்ணீர் ஓடுகிற சத்தம். நீராவி. யாரோ யார் காலையோ மிதித்தார்கள்.

சற்று நேரத்தில் ஹீட்டருக்குள் 'டக்' என்றது. அடியில் சிவப்புப் பொட்டு எரியத் தொடங்கியது.

"இது என்ன?" என்றாள் ருமியானா.

"ஹீட்டர் விளக்கு" என்றாள் நெவெனா. "சூடாகறப்ப எரியும். அதுக்கென்ன?"

ராட்கோ இயந்திரத்தின் மேலிருந்து குதித்தே விட்டான். "நான் மெயினை இறக்கிட்டேனே! இந்த வீட்டுல ஒரு பொட்டு கரண்ட் கிடையாதே!"

"கிடையாது. நான் கை கழுவறப்பவே இது எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இதோட வெளிச்சத்துல சோப்பு எடுத்தேன், அப்பவும் எனக்கு உறைக்கல." ருமியானா கதவைத் திறந்தாள். "இப்ப கேளுங்க. டோப்ரி அண்ணன் நெவெனா அக்கா கரண்ட்டைத் திருடியிருந்தா, நீ மெயினை இறக்குன உடனே அவர் ரேடியோ நின்னுருக்கணும். நிக்கல. இங்க வீடே செத்துக் கிடக்கு, அங்க பாட்டு ஓடுது. ஆனா இங்க ஒரே ஒரு சாமான் மட்டும் உயிரோட இருக்கு. அப்ப ஒயர் இங்கிருந்து அங்க போகல. அங்கிருந்து இங்க வருது."

ராட்கோ ஹீட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"அந்த வெள்ளை ஃபியூஸ் கட்டை அதிர்ஷ்டக் கட்டை இல்ல ராட்கோ. வருஷக்கணக்கா அதுல கரண்ட்டே ஓடல. அதான் கருகல. அக்கா பில்லு பாதியா இருந்ததுக்குக் காரணம் சூட்சுமம் இல்ல. ஹீட்டர் ஓடுன கரண்ட் எல்லாம் இன்னொருத்தர் பில்லுல ஏறிக்கிட்டு இருந்துச்சு. அக்கா, ஹீட்டரைப் போட்டபடியே விடணும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

நெவெனாவின் மாவுக்கட்டை மெல்லக் கீழே இறங்கியது. "வேலிகிட்ட நின்னு... இவர்தான் சொன்னார்."

"ரேடியோவைப் பாட விட்டுட்டு, நிலவறைக் கதவு வழியா வந்து, பீப்பாயத் தள்ளி, பெட்டியத் தூக்கிட்டுப் போனது டோப்ரி அண்ணன்தான். திருட்டு நடந்திருக்கு. ஆனா திருடு போனது பெட்டிதான், கரண்ட் இல்ல." ருமியானா அவர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அண்ணே. உங்க வீட்டு ஃபியூஸைப் பிடுங்கியிருந்தா இந்த விளக்கு அணைஞ்சிருக்கும். என்னால எதையும் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. இத்தனை வருஷம் ஆலை மெஷினெல்லாம் பாத்த நீங்க ஏன் அதைச் செய்யல?"

டோப்ரி தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அது ராட்கோவின் தொப்பி என்பதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"பதட்டத்துல மறந்துட்டேன்" என்றார். "பெட்டி பத்திரமா இருக்கு. ஒரு கீறல் இல்ல. ராத்திரியோட ராத்திரியா ஹீட்டர் ஒயரை இவ வீட்டு ஒயரோடயே பழையபடி சேத்துட்டு, விடியறதுக்குள்ள பெட்டியத் திருப்பி வச்சிருப்பேன். அதுக்குத்தான் ஒரு ராத்திரி வேணும்னு..."

"மெயினை இறக்கியும் அந்த ஒயர்ல கரண்ட் இருந்துச்சே! நல்லவேளை, டெஸ்டர் வைக்காம நான் எதையும் தொடமாட்டேன்" என்றான் ராட்கோ. "ஆனாலும் அண்ணே, சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும். தப்புதான்."

"ஏன் டோப்ரி?" நெவெனாவின் குரல் யாருக்கும் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அவர் ஹீட்டரைப் பார்த்துப் பேசினார். "உன் வீட்டுக்காரர் தவறிப்போன அந்தக் குளிர்காலம். நீ கரண்ட் செலவுக்குப் பயந்து ஹீட்டரை அணைச்சு வச்சிருந்த. என் படுக்கையறை இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். காலைல நீ பச்சைத் தண்ணிய ஊத்திக்கறப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டு 'ஊ'ங்கிற சத்தம் கேக்கும். நேர்ல கொடுத்தா வாங்கமாட்ட. அதான் நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப ஒயரை மாத்தினேன். அப்புறம் அந்த சத்தம் கேக்கல. பாட்டுச் சத்தம் கேட்டுச்சு."

லூபோ தொட்டிக்குள் நின்றபடியே மூக்கை உறிஞ்சினான்.

"அத்தனை வருஷமும் நான் பில்லைக் காட்டிக் காட்டி உங்களைக் கேலி பண்ணேன்!"

"பண்ண. நல்லாத்தான் இருந்துச்சு. மாசத்துக்கு ஒரு தடவ வேலிகிட்ட வருவியே."

ராட்கோ தொழில்காரன். அவனுக்குக் கணக்கு உதைத்தது. "ஒரு நிமிஷம் அண்ணே. உங்க வீட்டுலயும் இதே மாதிரி பழைய பீங்கான் ஃபியூஸ்தானே? அது ரெண்டு ஹீட்டரைத் தாங்காதே. உடனே போயிடுமே."

"போகும்."

"அப்ப உங்க ஹீட்டர்?"

டோப்ரி காதைச் சொறிந்தார்.

நெவெனாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மாவுக்கட்டையைத் தூக்கி அவர் மார்பில் ஒரு குத்து விட்டாள். பலமாக இல்லை. "இத்தனை குளிர்காலமும் நீங்க பச்சைத் தண்ணியிலயா குளிச்சீங்க? பைத்தியக்கார மனுஷா!"

"ஞாயித்துக்கிழமைல அடுப்புல ஒரு சட்டி வச்சுக்குவேன்" என்றார் டோப்ரி, தன் பக்கத்து நியாயமாக.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள் நெவெனா. அலமாரியிலிருந்து பெரிய துண்டை எடுத்து அவர் தோளில் எறிந்தாள். "நீங்க மட்டும் இருங்க. முதல்ல பெட்டிய எடுத்துட்டு வந்து கொடுங்க. அப்புறம் இங்கயே குளிங்க. தோல் சிவக்கற வரைக்கும் குளிச்சுட்டுத்தான் வெளிய வரணும்."

பெட்டி நிலவறைக் கதவு வழியாகவே திரும்பி வந்தது, பழைய கம்பளியில் கைக்குழந்தை மாதிரி சுற்றப்பட்டு. ராட்கோ உடனே வேலையில் இறங்கினான். லூபோ கைவிளக்குப் பிடித்தான். டோப்ரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தன் நிலவறையிலிருந்து வந்த ஒயரைத் துண்டித்து, ஹீட்டரை நெவெனாவின் புதுப் பெட்டியில் இணைத்துக் கொடுத்தார். ஆலைக்காரர் கை. ஒயர்கள் வாரிய தலைமுடி மாதிரி வரிசையாக நின்றன. அதற்குள் நெவெனா இரண்டு முறை வந்து துண்டை ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குமுன் வேலை முடிந்தது. ராட்கோ எல்லோரையும் கூப்பிட்டு, பெரிய சுவிட்சை மேலே தள்ளினான். நடையில் விளக்கு எரிந்தது. சமையலறையில் புது அடுப்பு முனகிக்கொண்டு விழித்தது. லூபோ கைதட்டினான். ருமியானா சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாவு தேய்க்க உட்கார்ந்தாள்.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் டோப்ரி பாட ஆரம்பித்தார். ராகம் எந்த ஊருடையது என்று சொல்ல முடியவில்லை, ஆனால் சந்தோஷமான பாட்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாட்டு முடியவில்லை. தண்ணீரும் நிற்கவில்லை.

நெவெனா நடையில் புதுப் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு போய்க் குளியலறைக் கதவை உள்ளங்கையால் தட்டினாள்.

"டோப்ரி! தண்ணிய அப்படியே தொறந்து விடாதீங்க! பில் இனிமே எனக்குத்தான் வரும்!"